அகதிகளுக்கு உதவும் சிறு அமைப்புகள் மானியம் பெறுவது எப்படி?

அகதிகளுக்கும் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் மொழி கற்பிப்பது, அரசுப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் துணைக்குச் செல்வது ஆகிய பணிகளைச் சில நண்பர்கள் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகக் கைக்காசில் செய்து வருவதாகவும், இனி மானியம் கிடைத்தால்தான் தொடர முடியும் என்ற நிலை வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த நிறுவனங்கள் இப்பணிக்கு நிதி தருகின்றன, சிறிய அமைப்புக்கும் அது கிடைக்குமா, கிடைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்கும் ஆலோசகரை அமர்த்தலாமா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் விடை சொல்கிறேன். ஆனால் இவற்றுக்கு அடியில் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. பிறருடைய நிபந்தனைகளோடு வரும் பணத்தை வாங்கிய பிறகும், இன்று உங்கள் வாசலுக்கு வருகிறவர்களுக்கு நாளையும் உங்களால் உதவ முடியுமா? இத்துறையில் விண்ணப்பங்கள் எழுதியும், பின்னர் மற்றவர்களின் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் அமர்ந்தும் பல ஆண்டுகள் கழித்த எனக்கு, அங்கிருந்து தொடங்குவதே சரி என்று தோன்றுகிறது.

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் செய்தி இது: அகதிகளுக்கான அரசு நிதி அநேகமாக எல்லா நாடுகளிலும் பயனாளியின் சட்ட நிலையை அளவுகோலாக வைத்தே வழங்கப்படுகிறது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் வழியே உருவான அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்தின் நிதி, அகதியாக ஏற்கப்பட்டு நாட்டுக்குள் வந்தவர்கள், தஞ்சம் வழங்கப்பட்டவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் போன்ற சில பிரிவினருக்கே உரியது. தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் பெரும்பாலும் அதில் சேரமாட்டார்கள். அதே நாட்டில் 2009இல் தொடங்கப்பட்ட குடியுரிமைத் தயாரிப்பு மானியம் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்காக அமைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தஞ்சம், குடிபெயர்வு, ஒருங்கிணைப்புக்கான நிதியம் 2021 முதல் 2027 வரையிலான காலத்துக்கு ஏறத்தாழ 990 கோடி யூரோவைக் கொண்டது; ஆனால் அது ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளின் குடிமக்களுக்கானது. ருமேனியாவிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த ஒரு குடும்பம், சிரியாவிலிருந்து வந்த குடும்பத்தைப் போலவே மொழி தெரியாமல் தவித்தாலும், அந்தப் பணத்தில் நடக்கும் வகுப்புக்கு உரிமை உடையதாகாது. 2001இல் இயற்றப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை ஒன்றியம் முதன்முறையாக 2022 மார்ச்சில் உக்ரேனியர்களுக்காக நடைமுறைப்படுத்தியபோது, அந்தச் சட்டப் பிரிவைப் பின்தொடர்ந்தே பெருமளவு நிதியும் வந்தது. பணம் தேவையின் பின்னால் செல்வதைவிடச் சட்டப் பிரிவின் பின்னால் செல்வதே அதிகம் என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே நிதி தருவோரின் பட்டியலைத் தேடும் முன், உங்களிடம் வருகிறவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள். கடந்த ஓராண்டில் வந்தவர்களில் அகதி நிலை பெற்றவர் எத்தனை பேர், கோரிக்கை நிலுவையில் உள்ளவர் எத்தனை பேர், வேலை அல்லது குடும்ப விசாவில் வந்தவர் எத்தனை பேர், ஆவணம் எதுவுமே இல்லாதவர் எத்தனை பேர் என்று தோராயமாகவேனும் எண்ணிப் பாருங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். மாலை வகுப்பில் பன்னிரண்டு பேர் ஒரே பலகையைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மானியம் அவர்களில் ஐந்து பேருக்கு மட்டுமே பொருந்துமானால், ஆசிரியரின் சம்பளம் முழுவதையும் அந்த மானியத்தில் எழுதுவது விதிமீறல். பன்னிரண்டில் ஐந்து பங்கை மட்டுமே எழுத முடியும், மீதி ஏழு பங்குக்கு வேறு பணம் வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கிடாத அமைப்புகள் தணிக்கையின்போது பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்கிறது, அல்லது அதற்கு அஞ்சி அந்த ஏழு பேரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்கின்றன. இரண்டாவதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். நிபந்தனையற்ற பணம், அதாவது தனிமனிதர்களின் சிறு நன்கொடைகளும் நிகழ்ச்சிகளில் திரளும் தொகையும், அளவில் சிறியதாக இருந்தாலும் எந்த மானியமும் தொடாத மனிதர்களுக்காகவே முதலில் ஒதுக்கப்பட வேண்டும். மானியம் கிடைத்துவிட்டது என்று நன்கொடை திரட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.

இனி, யார் தருகிறார்கள் என்பது. பலரும் முதலில் நினைப்பது ஐ.நா.வின் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகத்தை. அந்த அலுவலகமே தன் செலவில் மிகப் பெரும்பகுதிக்கு நாடுகளும் பொதுமக்களும் தரும் விருப்பக் கொடையை நம்பியிருக்கிறது, ஐ.நா.வின் பொது வரவு செலவிலிருந்து அதற்கு வருவது மிகச் சிறிய பங்குதான். அது பிற அமைப்புகளோடு சேர்ந்து பணியாற்றுகிறது என்பது உண்மை. அகதிகளே தலைமை தாங்கும் அமைப்புகளுக்கெனச் சிறு நிதித் திட்டங்களும் அதனிடம் உண்டு. உங்கள் நிர்வாகக் குழுவில் அகதிகளாக வந்தவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். இல்லை என்றால், மானியத்துக்காக ஒருவரைப் பெயரளவில் சேர்க்காமல், பணிக்காகவே சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக் குழுவினர் அவரோடு நேரில் பேசும்போது வேறுபாடு தெரிந்துவிடும். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில், மனிதநேய நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கூடுமானவரை நேரடியாகத் தருவதாகப் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் உறுதி கூறின. அதற்கென வைத்த 2020ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் அந்த இலக்கு எட்டப்படவில்லை. பெரிய அமைப்பு ஒன்று மானியத்தைப் பெற்று அதன் ஒரு பகுதியைச் சிறிய அமைப்புகளிடம் பணியாக ஒப்படைப்பதே இன்றும் பரவலான நடைமுறை. உங்கள் பகுதியில் அரசு மானியம் பெறும் பெரிய அமைப்பு எது என்று கண்டறிந்து, அவர்களால் எட்ட முடியாத எந்த மொழியினரை, எந்தக் குடியிருப்பை நீங்கள் எட்டுகிறீர்கள் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குவது, சிறியவர்களுக்கு மிக இயல்பான முதல் வாயில்.

அதிகம் அறியப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான ஐ.நா. விருப்பக்கொடை நிதியம் 1981இல் பொதுச்சபையால் ஏற்படுத்தப்பட்டது. அது அரசுகளின் வழியாக அல்லாமல், பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவ, உளவியல், சட்ட, சமூக உதவிகளை நேரடியாகச் செய்யும் அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அகதிகளில் சித்திரவதையை அனுபவித்தவர்கள் பலர் இருப்பதால், மருத்துவமனைக்குத் துணை செல்வதும் மொழிபெயர்ப்பதும் உங்கள் அன்றாடப் பணியாக இருந்தால், மருத்துவர்களோடு கூட்டாக இதற்கு விண்ணப்பிப்பது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர்களை அடையாளம் கண்டு, முறையாகக் கவனிக்கும் தகுதி உங்கள் குழுவில் உண்மையாகவே இருந்தால் மட்டும் அதை நாடுங்கள். காயத்தைத் தவறாகக் கிளறுவது பெருந்தீங்கு.

தனியார் அறக்கட்டளைகளே தொடக்க நிலை அமைப்புக்குச் சிறந்தவை என்பது என் கணிப்பு. சட்ட நிலை பற்றிய கட்டுப்பாடு அங்கே குறைவு, படிவமும் சிறியது, அதிகாரியோடு தொலைபேசியில் பேசவும் முடியும். அமெரிக்காவின் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற வரிப் படிவத்தை வெளிப்படையாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் அவ்வாண்டு யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பட்டியலை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அந்த அறக்கட்டளையின் அறிவிப்புப் பக்கம் சொல்லாத பல செய்திகள் புலப்படும். ஆண்டுதோறும் அதே பத்து அமைப்புகளுக்கே தருகிறார்களா, புதியவர்கள் யாராவது உள்ளே வருகிறார்களா, மிகச் சிறிய தொகை எவ்வளவு, ‘குடியேறியோர் நலன்’ என்று சொல்லிக்கொண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்கே கொடுக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். பிரிட்டனில் 360கிவிங் என்ற திறந்த தரவு முயற்சியின் வழியாக மானிய விவரங்களைத் தேடலாம். ஐரோப்பாவில் இபிம் என்று அழைக்கப்படும் கூட்டு நிதியம் பல அறக்கட்டளைகளின் பணத்தை ஒன்றுசேர்த்துக் குடிபெயர்வு சார்ந்த பணிகளுக்குத் தருகிறது. உங்களைப் போன்ற அளவுள்ள, உங்களைப் போன்ற பணி செய்கிற ஒருவருக்கேனும் முன்பு கொடுத்திராத அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதி நேரத்தைச் செலவிடாதீர்கள் என்பதை ஏறத்தாழ விதியாகவே சொல்வேன்.

இந்த நிதி எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைப் பற்றி எவரும் உறுதி கூற முடியாது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் புதிய அரசு அகதிகள் அனுமதித் திட்டத்தை நிறுத்தி வைத்தது. வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாட்களுக்கு முடக்கும் ஆணையும் அன்றே வந்தது. அந்த ஆண்டின் ஜூலை முதல் நாளோடு யுஎஸ்எய்டு என்ற நிறுவனத்தின் வெளிநாட்டு உதவிப் பணிகளே முடிவுக்கு வந்தன. பல பத்தாண்டுகள் பழமையான அமைப்புகள்கூட ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்ப நேர்ந்தது. ஒரே ஒரு அரசு மானியத்தை நம்பிச் சம்பளப் பட்டியலை விரிவாக்கியவர்களுக்கே அடி பலமாக விழுந்தது. உங்கள் ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கையிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அனுபவத்தில் வந்த கணிப்பே தவிர, எங்கும் எழுதப்பட்ட விதி அல்ல. தொடக்கத்தில் அதைக் கடைப்பிடிக்க முடியாமலும் போகலாம். ஆனால் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதையாவது அது காட்டும்.

பணத்தின் அளவைவிட அது வரும் விதம் முக்கியம் என்பதை விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே உணர்கிறார்கள். பல அரசு மானியங்கள் முன்பணமாக வருவதில்லை. நீங்கள் செலவு செய்து, ரசீதுகளோடு கேட்ட பிறகே தருவார்கள். ஆண்டுக்கு 60,000 மானியம் என்று கொள்வோம்; நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். மாதச் செலவு 5,000. மூன்று மாதம் முடிந்ததும் கணக்கு அனுப்புகிறீர்கள், அதைச் சரிபார்த்துப் பணம் வர மேலும் இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் ஐந்து மாதச் செலவான 25,000 உங்கள் கையிலிருந்து போயிருக்கும். அந்தத் தொகை கையில் இல்லாதவருக்கு 60,000 மானியம் உதவியாக இல்லாமல் கடனாகவே முடியும். முன்பணம் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்; கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக எண்ணமாட்டார்கள். அடுத்து, ஈடுசெய் பங்கு. மேலே சொன்ன ஐரோப்பிய ஒன்றிய நிதியம் ஒரு திட்டத்தின் தகுதியுள்ள செலவில் பொதுவாக 75 சதவீதம் வரையே தரும். மீதியை நீங்கள் கொண்டுவர வேண்டும். வாடகை, கணக்கர், காப்பீடு போன்ற நிர்வாகச் செலவுகளுக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பல மானியங்களில் அது 7 சதவீதம். அமெரிக்கக் கூட்டரசு மானியங்களில், அரசோடு தனியாகப் பேசி முடிவு செய்த நிர்வாகச் செலவு விகிதம் இல்லாத அமைப்பு 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் 10 சதவீதமாக இருந்தது. நிர்வாகச் செலவே இல்லை என்று காட்டினால் மதிப்பெண் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டாளராக அமர்ந்திருந்தபோது அத்தகைய வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்தால், கணக்கை யார் எழுதுவார்கள், அந்த மனிதருக்கு யார் ஊதியம் தருவார்கள் என்ற கவலையே எனக்கு எழுந்தது.

நீங்கள் முறையாகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. பதிவும் தனி வங்கிக் கணக்கும் தணிக்கை செய்த கணக்கும் இல்லாமல் நிறுவன மானியம் கிடைப்பது அரிது. ஆனால் பதிவு முடியும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பு உங்கள் சார்பில் பணத்தைப் பெற்று, கணக்கு வைத்து, உங்கள் பணிக்கு வழங்கும் ஏற்பாடு பல நாடுகளில் சட்டப்படி செல்லும். அதற்கு அவர்கள் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சில நாடுகளில் இது செல்லாது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டிலிருந்து பெற்ற நன்கொடையை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை அறவே தடை செய்ததோடு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் என் பதிலை மட்டும் நம்பாமல், உங்கள் நாட்டின் தொண்டு நிறுவனச் சட்டம் அறிந்த கணக்காளரையோ வழக்கறிஞரையோ கலந்தாலோசியுங்கள்.

விண்ணப்பம் எழுதுவதைப் பற்றி ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். “அகதிகள் சொல்லொணாத் துன்பத்தில் வாடுகிறார்கள், அவர்களுக்கு மொழிப் பயிற்சி இன்றியமையாதது” என்ற வாக்கியம் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இருக்கும். படிப்பவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். “எங்களிடம் வரும் தாய்மார்களில் பாதிப்பேர் பகல் நேரத்தில் நடக்கும் அரசு மொழி வகுப்பில் இடம் கிடைத்தும் சேரவில்லை, ஏனெனில் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நாங்கள் வகுப்பறைக்குப் பக்கத்து அறையில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஒருவரை அமர்த்தக் கேட்கிறோம்” என்று எழுதினால் அவர் நின்று படிப்பார். துன்பத்தின் அளவை நிறுவும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. அது அவருக்குத் தெரியும். மற்றவர்கள் வைத்த ஏற்பாட்டில் எங்கே இடைவெளி இருக்கிறது, அதை அடைக்க உங்களுக்கு எது வேண்டும் என்பதே அவர் அறிய விரும்புவது. வாக்குறுதியிலும் அடக்கம் வேண்டும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் அடுத்த நிலைத் தேர்வில் தேறுவார்கள் என்று எழுதி எட்டுப் பேரைத் தேற வைப்பது, நூறு பேரின் வாழ்க்கை மாறும் என்று எழுதி ஆண்டறிக்கையில் மழுப்புவதைவிட நூறு மடங்கு மேல்.

அறிக்கை என்று வரும்போது, அகதிகள் துறைக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. இதை நான் மிகவும் அக்கறையோடு சொல்கிறேன். நிதி தருவோர் பயனாளிகளின் பெயர், பிறந்த நாடு, சட்ட நிலை, புகைப்படம் ஆகியவற்றைக் கேட்பதுண்டு. தஞ்சம் கோரும் ஒருவரின் பெயரும் முகமும் வெளியானால் சொந்த நாட்டில் இருக்கும் அவருடைய குடும்பத்துக்கே தீங்கு வரலாம்; ஆவணமற்ற ஒருவரின் விவரம் ஒரு கோப்பில் இருப்பதே அவருக்கு அச்சம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, பெயருக்குப் பதில் குறியீட்டு எண் தருவோம், எண்ணிக்கையைத் தொகுத்தே தருவோம், தணிக்கையாளர் விரும்பினால் எங்கள் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம் என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான அறக்கட்டளைகள் ஏற்றுக்கொள்ளும். சில அரசு மானியங்களில் தகுதியை நிரூபிக்கும் ஆவண நகல் கட்டாயம்; அப்படியானால் அந்த மானியத்தில் சேருகிறவரிடம் அதை அவருடைய மொழியிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். புகைப்படத்துக்குச் சம்மதம் வாங்கினோம் என்று சொல்வார்கள். மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்று அஞ்சுகிற ஒருவரின் தலையசைப்பைச் சம்மதமாக நான் ஏற்கமாட்டேன்.

பங்கு கேட்கும் ஆலோசகரைப் பற்றி விடை எளிது: வேண்டாம். நிதி திரட்டுவோரின் தொழில்முறைச் சங்கங்கள் கிடைக்கும் தொகையில் சதவீதம் வாங்குவதைத் தங்கள் நெறிமுறைகளில் தடை செய்திருக்கின்றன. பெரும்பாலான மானிய விதிகளின்படி, மானியம் தொடங்கும் முன் நடந்த வேலைக்கான கூலியை அந்த மானியத்திலிருந்து எடுக்கவும் முடியாது. எடுத்தால் அது தணிக்கையில் அகப்படும். எழுத உதவி தேவையென்றால், இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு என்று நிலையான கூலி பேசுங்கள். ஆனாலும் முதல் வரைவை நீங்களே எழுதுவது நல்லது, ஏனெனில் பக்கத்து அறைக் குழந்தைகளைப் பற்றி ஆலோசகருக்குத் தெரியாது.

முதல் ஆண்டில் இரண்டு வேலைகள் போதும். உங்கள் அளவுள்ளவர்களுக்குக் கொடுத்த வரலாறு உடைய ஒரு சிறு அறக்கட்டளைக்கு விண்ணப்பியுங்கள். முடிந்தால் திட்டத்துக்கென்று கேட்காமல் அமைப்பின் பொதுச் செலவுக்கென்று கேளுங்கள். கூடவே, அரசு மானியம் பெறும் ஒரு பெரிய அமைப்போடு சிறு பணி ஒப்பந்தம் ஒன்றுக்கு முயலுங்கள். அந்த ஓராண்டில் நீங்கள் வைத்த கணக்கும் கொடுத்த அறிக்கையும்தான் அடுத்த விண்ணப்பத்தின் சான்றுகள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மதிப்பீட்டாளர்களின் கருத்துரையை அனுப்பும்படி ஒரு வாரத்துக்குள் பணிவோடு எழுதிக் கேளுங்கள். பலர் அனுப்புவார்கள். அந்தக் குறிப்புகளின்படி திருத்தி, அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு மீண்டும் அனுப்பி மானியம் பெற்ற சிறு அமைப்புகளை நான் மதிப்பீட்டுக் குழுக்களில் இருந்தே பார்த்திருக்கிறேன்.